உல்சானுக்குக் குடும்பத்தோடு போகலாமா? ஏவுகணையைவிடச் சீனாவைக் கவனியுங்கள்

கேள்வி: வணக்கம் சார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். தாய் நிறுவனம் இருக்கும் தென்கொரியாவின் உல்சான் நகரத்துக்கு இரண்டு வருஷம் அனுப்புகிறார்கள். மனைவியும் ஆறு வயது மகளும் கூட வரலாம். ஆனால் வடகொரியா ஏவுகணை விட்டதாக டிவியில் வந்தாலே மாமியார் போன் போட்டு அழுகிறார். “அங்கே சண்டை வந்தால் சீனாவும் இறங்கிவிடும், அப்புறம் உலகப் போர்தான்” என்று மைத்துனர் வேறு பயமுறுத்துகிறார். போகலாமா? எந்தச் செய்தியைப் பார்த்தால் மூட்டை கட்ட வேண்டும்?

பதில்: போகலாம், குடும்பத்தோடேயே போகலாம். மைத்துனர் சொல்வதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. சீனா ஒருமுறை அங்கே இறங்கியிருக்கிறது. ஆனால் எப்போது இறங்கியது என்பதைப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

வடகொரியா தெற்கே படையெடுத்தது 1950 ஜூன் 25-ல். அன்றைக்குச் சீனா சண்டைக்குப் போகவில்லை. ஜூலையில் போகவில்லை, ஆகஸ்டிலும் போகவில்லை. செப்டம்பரில் அமெரிக்கப் படை இஞ்சோனில் கரையிறங்கி வடகொரியர்களை விரட்டத் தொடங்கிய பிறகுதான் பெய்ஜிங் பதறியது. அக்டோபர் 3-ம் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், இந்தியத் தூதர் கே. எம். பணிக்கரைச் சீனப் பிரதமர் சௌ என்லாய் வரவழைத்தார். இரு கொரியாக்களையும் பிரித்த 38-வது இணைக்கோட்டை அமெரிக்கப் படை தாண்டினால் சீனா தலையிடும் என்பதே அவர் சொன்ன சேதி. டெல்லி வழியாக அது வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதை வெறும் மிரட்டல் என்று எண்ணிவிட்டார்கள். பணிக்கர் சீனச் சார்புள்ளவர் என்ற நினைப்பும் அவர்களுக்கு இருந்தது. அக்டோபர் 19 அன்று பெங் தெஹுவாய் தலைமையில் சீனப் படை, வடகொரிய எல்லையில் ஓடும் யாலு ஆற்றைக் கடந்தது. போரில் செத்தவர்களில் மாவோவின் மூத்த மகனும் ஒருவர். 1953 ஜூலை 27-ல் போர் நிறுத்த உடன்பாடு கையெழுத்தானது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை.

ஆக, சீனாவைப் போருக்கு இழுத்தது கூட்டாளி மீதிருந்த பாசம் இல்லை. அமெரிக்கப் படை தன் எல்லையை நெருங்கியதுதான். எழுபத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன, ஆனால் அந்தக் கணக்கு மாறவில்லை. சீனாவுக்கும் வடகொரியாவுக்கும் இடையே எல்லை ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். தெற்கில் இருக்கும் அமெரிக்க வீரர்கள் சுமார் 28,500 பேர். வடகொரிய ஆட்சி சரிந்தால் ஒருபக்கம் அகதிகள் ஆற்றைக் கடந்து வருவார்கள், இன்னொரு பக்கம் அமெரிக்கக் கூட்டணி யாலு கரைக்கு வந்து நிற்கும். இரண்டும் பெய்ஜிங்குக்கு ஆகாது. கிம் ஜோங் உன் தானாகப் போய் ஒரு போரை இழுத்துவிட்டாலும் இதே கதிதான் வரும் என்பதால், அதுவும் ஆகாது.

இதைப் புரிந்துகொண்டால் சீனா ஒரே நேரத்தில் திட்டவும் செய்யும், சோறும் போடும் என்பது விசித்திரமாகத் தோன்றாது. 2006 முதல் 2017 வரை வடகொரியா ஆறு முறை அணுகுண்டு சோதித்தது. அதற்காக ஐ.நா. பாதுகாப்புச் சபை கொண்டுவந்த தடைகளுக்குச் சீனாவும் கை தூக்கியது. ஆனால் 2017 டிசம்பர் தீர்மானத்தைப் படித்துப் பாருங்கள்: கச்சா எண்ணெய் ஆண்டுக்கு 40 லட்சம் பீப்பாய், சுத்திகரித்த எண்ணெய் 5 லட்சம் பீப்பாய் என்று உச்சவரம்புதான் போட்டார்கள். அடியோடு நிறுத்தவில்லை. அதற்குச் சீனா விடாது. எல்லை நகரமான தாண்டோங்கிலிருந்து குழாய் வழியாகப் போகும் எண்ணெய்தான் வடகொரியாவின் மூச்சு.

அந்தத் தாண்டோங்கில் இரண்டு பாலங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றை அமெரிக்க விமானங்கள் 1950-ல் குண்டு போட்டு உடைத்தன. சீனப் பக்கம் இருக்கிற பாதியில் சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் வாங்கி, அறுந்த முனை வரை நடந்து போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கப்பால் ஆற்றில் வெறும் தூண்கள்தான். அடுத்த பாலத்தில் லாரியும் ரயிலும் வடகொரியாவின் சினுயிஜு நகரத்துக்குப் போகின்றன.

இரண்டு நாடுகளுக்கும் இடையே 1961-ல் போட்ட ராணுவ ஒப்பந்தம் இருக்கிறதே என்று மைத்துனர் கேட்கலாம். இருக்கிறது, 2021-லும் புதுப்பித்தார்கள். ஒரு நாடு தாக்கப்பட்டால் மற்றது உதவ வேண்டும் என்கிறது அது. வடகொரியாவே ஆரம்பித்தால்? 2017 ஆகஸ்டில் பதற்றம் உச்சத்தில் இருந்தபோது சீன அரசுச் சார்பு நாளிதழான குளோபல் டைம்ஸ் தலையங்கம் எழுதியது: வடகொரியா முதலில் அடித்தால் சீனா நடுநிலை வகிக்க வேண்டும்; அமெரிக்காவும் தென்கொரியாவும் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தால் தடுக்க வேண்டும். அரசின் அறிவிப்பு இல்லைதான். ஆனாலும் 1950-ன் கணக்கு அப்படியே அதில் தெரிகிறது.

மாறியிருப்பது வேறொன்று. அமெரிக்காவோடு போட்டி முற்ற முற்ற, வடகொரியாவின் குண்டு பெய்ஜிங்குக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. 2022 மே மாதம் ஐ.நா.வில் வடகொரியா மீதான புதிய தடைகளைச் சீனா ரஷ்யாவோடு சேர்ந்து ரத்து (வீட்டோ) அதிகாரத்தால் தடுத்தது. 2025 செப்டம்பரில் பெய்ஜிங் அணிவகுப்பில் ஷி ஜின்பிங்குக்கு ஒரு பக்கம் புதின், மறுபக்கம் கிம். என்னைக் கேட்டால், அந்தப் படத்தைவிட 2024 ஜூனில் கிம்மும் புதினும் செய்துகொண்ட ஒப்பந்தம்தான் கவலை தருகிறது. கிம்முக்கு இன்னொரு வாசல் திறந்துவிட்டதால் சீனாவின் பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஆனால் வடகொரிய வணிகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனாவோடுதான் நடந்துவந்திருக்கிறது. அதை மீறிப் போருக்குப் போகும் அளவுக்கு அந்தப் பிடி தளர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். உல்சானில் உங்களைத் தொடப்போவது ஏவுகணை இல்லை. பெரும்பாலும் சீனாவின் கோபமாக இருக்கும். அது வணிகத்தின் வழியாக வரும்.

2016 ஜூலையில் ‘தாட்’ என்ற அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பை நிறுவத் தென்கொரியா சம்மதித்தது. வடகொரியாவுக்காகத்தான் என்றார்கள். அதன் ரேடார் தங்கள் நாட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கும் என்று சீனா கொதித்தது. ஆனால் சியோலோடு ராணுவச் சண்டை எதுவும் போடவில்லை; அடி வணிகத்தில் விழுந்தது. தென்கொரியாவின் சோங்ஜுவில் இருந்த தன் கோல்ஃப் மைதானத்தைத் தாட் அமைப்புக்காகக் கொடுத்தது அந்நாட்டின் லோட்டே நிறுவனம். தீயணைப்புப் பாதுகாப்புக் குறை என்று காரணம் சொல்லிச் சீனாவில் லோட்டே மார்ட் கடைகளை வரிசையாக மூட வைத்தார்கள். குழுச் சுற்றுலாவையும் நிறுத்தினார்கள். 2016-ல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த சீனப் பயணிகளின் எண்ணிக்கை மறு ஆண்டே ஏறக்குறைய பாதியானது. சீனாவில் கொரியக் கார் விற்பனையும் சரிந்தது. உதிரிபாகக்காரர்களுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோபமே இல்லாமலும் அடி விழும். 2021 அக்டோபரில் சீனா தன் உள்நாட்டுத் தேவைக்காக யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. டீசல் லாரிகளின் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியாக் கரைசலுக்குத் தென்கொரியா சீனாவையே நம்பியிருந்ததால், சில வாரங்களில் லாரிகள் நின்றுபோகும் நிலை. கடைசியில் ஆஸ்திரேலியாவிலிருந்து 27,000 லிட்டரை ராணுவ விமானத்தில் ஏற்றிவந்தார்கள். கொள்முதலில் இருப்பவர் நீங்கள். போனதும் எந்தெந்தப் பொருள் ஒரே ஒரு சீன விற்பனையாளரிடமிருந்து வருகிறது என்று பட்டியல் எடுத்துவிடுங்கள்.

எந்தச் செய்திக்குப் பயப்பட வேண்டும்? ஏவுகணைச் சோதனைக்கு வேண்டாம். மார்ச், ஆகஸ்ட் மாதங்களில் அமெரிக்க-தென்கொரியக் கூட்டுப் பயிற்சி நடக்கும். வடக்கு அப்போது கட்டாயம் கத்தும், சில சமயம் ஏவுகணையும் விடும். மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். இரு கொரியாக்களுக்கும் இடையிலான மேற்குக் கடல் எல்லையில் மோதல் வந்தால் கொஞ்சம் கவனியுங்கள். 2010 நவம்பரில் அங்கிருக்கும் யோன்பியோங் தீவில் வடகொரியா குண்டு வீசி நான்கு பேர் இறந்தார்கள். ஆனால் அதுவும் போராக மாறவில்லை. உல்சான் இருப்பதோ தென்கிழக்கு மூலையில், சியோலிலிருந்தே சுமார் 300 கிலோமீட்டர்.

நிஜமாகவே மூட்டை கட்ட வேண்டிய அறிகுறி, அங்கிருக்கும் அமெரிக்கப் படையினரின் குடும்பங்களை உண்மையிலேயே வெளியேற்றுவது. அதற்கான ஒத்திகை அவ்வப்போது நடக்கும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். கூடவே சீனாவும் தன் மக்களைத் தென்கொரியாவிலிருந்து திரும்பச் சொன்னால் யோசிக்காமல் கிளம்புங்கள்.

போய் இறங்கியதும் சியோல் இந்தியத் தூதரகத்தில் மூவர் பெயரையும் பதிந்துகொள்ளுங்கள். அரசின் அவசரகாலச் செயலியை ஆங்கிலத்தில் வைத்துப் போனில் ஏற்றுங்கள். குடியிருப்பின் நிலத்தடி கார் நிறுத்துமிடம்தான் பெரும்பாலும் பதுங்குமிடம். எது என்று மகளுக்கும் காட்டிவையுங்கள். எச்சரிக்கைச் செய்தி வந்தால் அடுத்த செய்திக்கும் காத்திருங்கள். 2023 மே 31 அதிகாலையில் வடகொரியா செயற்கைக்கோள் ஏவியபோது, வெளியேறத் தயாராகுங்கள் என்று சியோல் மாநகராட்சி ஊருக்கே செய்தி அனுப்பியது. அது தவறாகப் போன செய்தி என்று அரை மணி நேரத்துக்குள் அரசே மறு செய்தி அனுப்பியது.