எண்பது கார்டு வைத்தால் என்ன?

கேள்வி: நண்பர்களோடு 'மேஜிக்: த கேதரிங்' என்ற கார்டு விளையாட்டு ஆடுகிறேன். என்னுடையது 60 கார்டு பச்சை நிற டெக் (ஆடும் கார்டுக் கட்டு). கையில் இன்னும் 20 நல்ல கார்டுகள் இருக்கின்றன. மேல் வரம்பு இல்லாதபோது, சேர்க்காதே என்று ஏன் எல்லாரும் சொல்கிறார்கள்? நண்பர்கள் கமாண்டர் என்ற 100 கார்டு வகை ஆட்டத்துக்கு மாறுகிறார்கள். இதே டெக்கை 100 ஆக்கினால் போதுமா?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம், விதி தடுக்காது. கணக்குதான் தடுக்கும். 60 கார்டில் ஒன்றை 4 பிரதி வைத்திருந்தால், தொடக்கத்தில் எடுக்கும் 7 கார்டில் அது ஒரு தடவையாவது வர சுமார் 40 சதவீத வாய்ப்பு. டெக் 80 ஆனால் அது 31-க்கு இறங்கிவிடும். உங்கள் 20 கார்டும் நல்லவைதான், சரி. ஆனால் இருப்பதிலேயே சிறந்த கார்டைவிட நல்லவையா? இல்லையென்றால் அது கைக்கு வருவதைத்தான் அவை தாமதமாக்கும்.

80 கார்டோடு வென்றவர்களும் உண்டு. 2020-ல் வந்த யோரியன் என்ற கார்டு, டெக்கில் 20 கார்டு கூடுதலாக வைத்தால் டெக்குக்கு வெளியே துணையாக நிற்கும். எப்போதும் கைக்கெட்டும் ஒரு கார்டுக்காக அந்த நஷ்டத்தைத் தாங்கலாம் என்று பலர் கணக்குப் போட்டார்கள். 2022-ல் மாடர்ன் வகை ஆட்டத்தில் அதைத் தடை செய்யும் அளவுக்கு அந்தக் கணக்கு பலித்தது.

அதே வரிசையில் வந்த லூரஸ் இன்னும் சுவாரசியம். டெக்கில், களத்தில் நிற்கும் ரகக் கார்டுகள் எல்லாம் 2 மனாவுக்குள் (மனா என்பது கார்டை இறக்கக் கட்டும் விலை) இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. விண்டேஜ் வகை ஆட்டத்தின் டெக்குகள் பலவும் ஏற்கெனவே கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தன, ஆகவே நிபந்தனை யாரையும் உறுத்தவில்லை. அந்த வகையில் பலம் மிஞ்சிப்போன கார்டை 'ஒரு பிரதி மட்டும்' என்று கட்டுப்படுத்துவதுதான் வழக்கம். லூரஸுக்குத் தேவையே ஒரு பிரதிதான்! வேறு வழியில்லாமல் தடை வந்தது. துணைக் கார்டைக் கைக்கு எடுக்க 3 மனா கட்ட வேண்டும் என்று விதி மாறியபின், 2021-ல் விண்டேஜ் தடையை நீக்கினார்கள்.

கமாண்டருக்கு உங்கள் டெக்கை நீட்ட முயலாதீர்கள், பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். அங்கே கமாண்டரையும் (டெக்குக்குத் தலைமை தாங்கும் கார்டு) சேர்த்து 100 கார்டு. அடிப்படை லேண்ட் (மனா தரும் நிலக் கார்டு) தவிர எல்லாம் ஒற்றைப் பிரதி. ஒற்றைக் கார்டு முதல் கையில் வர 7 சதவீத வாய்ப்புதான். அதனால் கார்டின் பெயரை விட்டுவிட்டு அது செய்யும் வேலையை எண்ணுங்கள். 60-ல் 4 பிரதி செய்த வேலைக்கு 100-ல் ஏழு கார்டு வேண்டும். மனா தரும் லானோவார் எல்வ்ஸ் நான்கு வைத்திருந்தீர்களா? ஒன்றை வைத்துக்கொண்டு, அதே வேலைக்கு ஃபைண்ட்ஹார்ன் எல்வ்ஸ், எல்விஷ் மிஸ்டிக், ஆர்பர் எல்ஃப் என்று தேடுங்கள். எல்வ்ஸ் ஆஃப் டீப் ஷேடோ பச்சைதானே என்று அதையும் சேர்த்துவிடாதீர்கள்; அதன் வாசகத்தில் கறுப்பு மனாச் சின்னம் இருக்கிறது, பச்சை மட்டுமே உள்ள கமாண்டருக்கு அது ஆகாது. லேண்ட் 36-லிருந்து 38 வரை வைத்துத் தொடங்குங்கள்.

கமாண்டர் மட்டும் எப்போதும் உங்கள் வசம். ஆனால் அது செத்து மறுபடி இறக்கும்போதெல்லாம் 2 மனா கூடும். டெக்குக்கு அடிக்கடி தேவைப்படும் வேலையை அதனிடம் கொடுங்கள். கார்டு இழுத்துத் தருகிற கமாண்டர் என்றால் அந்த வேலைக்கான மற்ற கார்டுகளில் இரண்டு மூன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், உங்கள் டெக் சின்ன உயிரினங்களை வைத்து வேகமாக அடிக்கிற ரகம் என்றால் ஒரு எச்சரிக்கை. இதுவரை ஒரே எதிரியின் 20 உயிரைக் குறைத்தால் போதும். நால்வர் ஆடும் கமாண்டரில் ஆளுக்கு 40, உங்கள் எதிரே மொத்தம் 120. நாலாவது சுற்றிலேயே மூச்சு வாங்கும் டெக் அங்கே தாங்காது.