பகிர்ந்த பிரிண்டரில் யாருக்கு எவ்வளவு உரிமை? கேள்வி பதில்

கேள்வி: கணக்குப் பிரிவின் பிரிண்டரை அவர்கள் மட்டும் பயன்படுத்த வேண்டும். விண்டோஸ் சர்வரில் அந்தப் பிரிண்டரின் செக்யூரிட்டி டேபில், எவ்ரிஒன் (எல்லோரும்) குழுவுக்கு ‘டினை’ (தடை) டிக் போட்டேன். இப்போது எனக்கே பிரிண்ட் வரவில்லை!

பதில்: வந்திருந்தால்தான் ஆச்சரியம். எவ்ரிஒன் என்றால் அதில் நீங்களும் உண்டு. ஒரே பட்டியலில் அலவ் (அனுமதி), டினை இரண்டும் இருந்தால் விண்டோஸ் டினை பக்கம்தான் நிற்கும். எவ்ரிஒன் வரியையே நீக்கிவிட்டு, கணக்குப் பிரிவுக்கென ஒரு குழு உருவாக்கி அதற்கு ‘பிரிண்ட்’ உரிமை கொடுங்கள். பட்டியலில் இல்லாதவரைத் தனியாகத் தடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: குழுவில் சேர்த்த பிறகும் ஒருவருக்கு அனுமதி இல்லை என்றே வருகிறது.

பதில்: லாக் ஆஃப் செய்துவிட்டு மறுபடி உள்ளே வரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒருவர் அனுப்பியதை, அச்சுக்குக் காத்திருக்கும் வரிசையிலிருந்து இன்னொருவர் அழித்துவிடுகிறார். தினமும் சண்டை.

பதில்: சிக்கிய கோப்பை அழிக்க உங்களைக் கூப்பிட்டுச் சலித்துப்போய், யாரோ எல்லோருக்கும் ‘மேனேஜ் டாகுமென்ட்ஸ்’ (யார் அனுப்பியதையும் அழிக்கும் உரிமை) கொடுத்திருப்பார்கள். அதை எடுத்துவிடுங்கள். ஆனால் கிரியேட்டர் ஓனர் என்ற வரியில் கை வைக்காதீர்கள். அவரவர் அனுப்பியதை அவரவரே ரத்து செய்ய முடிவது அதனால்தான். நான் ஒருமுறை ‘இது யார், தெரியாத ஆள்’ என்று அதை நீக்கினேன். மறுநாள் ஒருவர் தவறுதலாக 200 பக்கம் அனுப்பிவிட்டு, ரத்து செய்ய வழி தெரியாமல் பேப்பர் டிரேயைக் கையோடு உருவிக்கொண்டு நின்றார்.

கேள்வி: சர்வரில் எல்லாவற்றையும் பூட்டிவிட்டேன். ஒருவர் மட்டும் எப்படியோ பிரிண்ட் எடுக்கிறார்.

பதில்: பிரிண்டரின் ஐபி முகவரி அவருக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் கொடுத்த உரிமை சர்வரில் இருக்கும் வரிசைக்குத்தான். பிரிண்டருக்கு அந்தப் பட்டியலே தெரியாது. பிரிண்டர் நேரடியாக அச்சு வேலையை வாங்கும் 9100 போர்ட்டுக்கு (நெட்வொர்க் வாசல்) அனுப்பினால் யார் என்று கேட்காமல் அச்சிட்டுத் தரும். பிரிண்டரின் வெப் பக்கத்தில் அனுமதிப் பட்டியல் இருந்தால், சர்வரின் ஐபியை மட்டும் சேருங்கள். கூடவே உங்கள் கணினியின் ஐபியும் இருக்கட்டும்; சில மாடல்களில் அதே பட்டியல் வெப் பக்கத்தையும் அடைத்துவிடும். அந்த வசதி இல்லாத பிரிண்டர் என்றால், தனி விலானில் (நெட்வொர்க்கில் பிரித்து வைத்த பகுதி) போட்டு, சர்வரைத் தவிர மற்றவர்களை ஃபயர்வாலில் தடுங்கள்.

கேள்வி: கலர் பிரிண்ட் சிலருக்கு மட்டும் வேண்டும்.

பதில்: ஒரே பிரிண்டருக்கு இரண்டு வரிசை வையுங்கள். கலர் வரிசை அந்தக் குழுவுக்கு மட்டும். மற்ற வரிசையைக் கருப்பு வெள்ளை டிரைவரோடு நிறுவுங்கள். கலர் டிரைவரை வைத்துக்கொண்டு இயல்பு அமைப்பை மட்டும் கருப்பு வெள்ளையாக மாற்றினால், பிரிஃபரன்ஸில் போய் ஒரே கிளிக்கில் மாற்றிக்கொள்வார்கள்.

கேள்வி: எங்களிடம் லினக்ஸ், அதன் பிரிண்ட் சர்வர் மென்பொருளான கப்ஸ்தான் (CUPS).

பதில்: எல்பிஅட்மின் (lpadmin) கட்டளையின் ‘-u’ ஆப்ஷனில் அனுமதிப் பட்டியல் கொடுக்கலாம், குழுப் பெயருக்கு முன்னால் @ போடுங்கள். சரி, ஆனால் கடவுச்சொல் கேட்காதவரை, அனுப்பும் கணினி எந்தப் பெயரைச் சொல்கிறதோ அதைக் கப்ஸ் அப்படியே நம்பிவிடும். மேலாளரின் பயனர் பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். அதனால் அமைப்புக் கோப்பின் பாலிசி பகுதியில், பிரிண்ட் அனுப்புவதற்கும் உள்நுழைவைக் கட்டாயமாக்குங்கள்.