கொலுசு வேறு, களிம்பு வேறு

காயம், கட்டு, கேள்வி: ஓய்வுபெற்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் பதில்கள்

கே: காசிமேட்டில் மீன் வறுவல் கடை வைத்திருக்கிறேன். எண்ணெய் தெறித்து முன்கையில் கொப்புளம். மருந்துக்கடையில் கொடுத்த வெள்ளைக் களிம்பில் வெள்ளி இருக்கிறதாம். ‘அப்படியானால் கொலுசை உரசிப் போட்டாலே போதும்’ என்கிறார் மாமியார். சரியா?
– வாசகி, காசிமேடு

ப: மாமியார் சொல்வதில் பாதி சரி. வெள்ளி கிருமியைக் கொல்லும். ஆனால் கொல்வது உலோகமல்ல, அதிலிருந்து பிரியும் அயனி, அதாவது மின்னூட்டம் கொண்ட வெள்ளி அணு. அது கிருமியின் உறையைச் சிதைத்து, உள்ளிருக்கும் புரதங்களைப் பற்றிக்கொண்டு முடக்கிவிடும். கொலுசை உரசினால் கல்தூளும் செம்பும் அழுக்கும்தான் காயத்தில் இறங்கும். தங்கசாலைக் கடையில் வாங்கிய நல்ல வெள்ளியானாலும் அப்படித்தான்.

களிம்பின் பெயர் சில்வர் சல்ஃபாடயசின், ஒரு சதவீதம். 1960களில் அமெரிக்காவில் சார்லஸ் ஃபாக்ஸ் என்பவர், வெள்ளியோடு சல்ஃபா என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் சேர்த்து உருவாக்கினார். பெரிய தீக்காயங்களில் கிருமித்தொற்றோடு போராட அன்று அது பெரிய ஆயுதம். உங்கள் கொப்புளத்துக்கு அது தேவையில்லை என்பேன். கிருமியைத் தாக்கும் வெள்ளி, புதிதாக முளைக்கும் தோல் செல்களையும் விட்டுவைப்பதில்லை. காயம் ஆறத் தாமதமாகலாம். மறுநாள் கட்டைப் பிரித்தால் ஊறிய அப்பளம்போல வெளிறிய படலம் ஒன்று ஒட்டியிருக்கும். சீழ் வைத்துவிட்டது என்று பதறி ஓடிவருவார்கள். களிம்பும் காயத்து நீரும் சேர்ந்து உறைந்ததுதான் அது. அதைக் கழுவி எடுக்காமல் காயத்தின் ஆழம் எங்களுக்குத் தெரியாது.

அடுத்த முறை எண்ணெய் பட்டதும் முதலில் வளையலைக் கழற்றுங்கள். கை வீங்கிவிட்டால் கழற்ற முடியாது. பிறகு இருபது நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள். குழாயில் வராத நாளில் குடத்து நீரைச் சொம்பால் மொண்டு ஊற்றினாலும் போதும். எண்ணெய் பட்டதிலிருந்து மூன்று மணி நேரம் வரை இதற்குப் பயன் உண்டு. ஐஸ், தோசை மாவு, பற்பசை, பேனா மை எதுவும் வேண்டாம். (மீன் கடையில் ஐஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், தெரியும். வேண்டாம்.) கொப்புளத்தை உடைக்காமல், வாசலின் தடவிய துணியால் மூடுங்கள். உங்கள் உள்ளங்கை அளவுக்கு மேல் வெந்திருந்தால், அல்லது முகத்திலோ விரல்களிலோ மூட்டிலோ பட்டிருந்தால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சல்ஃபா ஒவ்வாதவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைகள் இந்தக் களிம்பின் பக்கமே போகக் கூடாது.

கே: அப்பாவுக்குச் சர்க்கரை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பாதத்துப் புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. வெள்ளி கலந்த கட்டு போடலாம் என்கிறார்கள். விலைதான் மலைக்க வைக்கிறது.
– வாசகர், தண்டையார்பேட்டை

ப: கடன் வாங்காதீர்கள். சர்க்கரைப் புண்ணை ஆற்றுவதற்கென்று வெள்ளிக் கட்டு போட வேண்டாம் என்றே நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேச வழிகாட்டி சொல்கிறது. கிருமித்தொற்று உள்ள வேறு சில காயங்களுக்கு அதைக் கொஞ்ச காலம் போடுவதுண்டு. இரண்டு வாரத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவோம்.

உங்கள் அப்பாவின் புண் ஆறாததற்குக் காரணம் பெரும்பாலும் அவர் அதன் மேலேயே நடப்பதுதான். வலி தெரியாது, அதனால் நடப்பார். அந்த இடத்தில் பாரம் விழாதபடி செருப்பு செய்துகொள்ள வேண்டும், செத்த தோலை வெட்டி எடுக்க வேண்டும், காலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும். நாளைக் காலையே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பழைய செருப்பையும் கையோடு கொண்டுபோங்கள். எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே பாரம் எங்கே விழுகிறதென்று புரிந்துவிடும்.