பேன்டோன் நிறம் நாலு கலரில் ஏன் மாறுகிறது? – கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா பக்கம் கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை, கடை லேபிள் என்று வடிவமைக்கும் நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாமே ஸ்பாட் கலரை, அதாவது பேன்டோன் நிறுவனம் எண் கொடுத்து வைத்திருப்பது போல, தனியாகக் கலந்து வைத்த மையில் அடிக்கும் நிறத்தை, சயன், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மைக்கு மாற்றுவது பற்றியவை. ஆஃப்செட் அச்சில் வேலை செய்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தங்கை: அண்ணா, எங்கள் கோயில் சின்னத்தின் நிறம் பேன்டோன் ஆரஞ்சு 021. தைப்பூசக் காவடி அழைப்பிதழை நாலு கலரில் அடித்தபோது காவி மங்கிப்போய் செங்கல் மாதிரி வந்தது. அச்சகம் மையில் கை வைத்துவிட்டதா?

அச்சகத்தின்மேல் சந்தேகப்பட வேண்டாம், தங்கச்சி. ஆரஞ்சு 021 என்பது பேன்டோனின் அடிப்படை மைகளிலேயே ஒன்று. அது ஒரே நிறமியிலிருந்து வரும் ஆரஞ்சு. நாலு கலர் மெஷினில் அந்த நிறமி கிடையாது. முழு மஞ்சள்மேல் மெஜந்தாப் புள்ளிகளைத் தூவி, கண்ணை அது ஆரஞ்சு என்று நம்பவைக்கிறோம். அசலின் பளிச்சு இதில் முழுதாக வராது.

ஆனால் செங்கல் நிறம் வரை போக வேண்டியதில்லை. ஃபைலைத் திறந்து அந்த நிறத்தின் எண்களை, அதாவது ஒவ்வொரு மையும் எத்தனை சதவீதம் என்பதை, பாருங்கள். மாற்றும்போது சயன் 4, கறுப்பு 3 என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆரஞ்சில் சயன் ஒரு துளி விழுந்தாலே போதும், பழுப்பு தட்டிவிடும். சயனையும் கறுப்பையும் சுத்தமாகப் பூஜ்யம் ஆக்குங்கள். மஞ்சள் 100 வைத்து, மெஜந்தாவை 55, 60, 65 என்று மூன்று கட்டங்களாகப் போட்டு, அதே தாளில் ப்ரூஃப் (சோதனை அச்சு) எடுத்துக் கோயில் கமிட்டியிடம் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். திரையில் காட்டி ஒப்புதல் வாங்காதீர்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி: செப்டம்பர் 24 பாரம்பரிய தின போஸ்டரில் தேசியக் கொடி போட்டேன். நீலம் ஊதாவாக வந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நம் நாட்டுக் கொடியின் நீலம் அச்சுக்காரனுக்குப் பெரிய சோதனை. 1994-இல் வந்த இந்தக் கொடியின் நிறங்களுக்குப் பேன்டோன் எண்கள் உண்டு: சிவப்பு 179, பச்சை 3415, மஞ்சள் 1235, நீலம் ரிஃப்ளெக்ஸ் புளூ. சிவப்பும் மஞ்சளும் நாலு கலரில் கிட்டத்தட்ட வந்துவிடும். பச்சை கொஞ்சம் அடங்கும். ரிஃப்ளெக்ஸ் புளூ வரவே வராது.

காரணம் சயன் மை. அது சிவப்பு ஒளியை மட்டும் விழுங்க வேண்டும், ஆனால் பச்சையிலும் கொஞ்சம் விழுங்கிவிடுகிறது. மேலே மெஜந்தா ஏறினால் சாயல் ஊதாப் பக்கம் சரிகிறது. இதில் மென்பொருளின் பங்கும் உண்டு. கண் பார்க்கும் நிறத்தை எண்களாக்கும் 'லேப்' என்ற கணக்குமுறையில் நிறத்தை வைத்து, எட்டாத நீலத்தின் செறிவைக் குறைத்துக்கொண்டே வந்தால், கணக்கில் சாயல் மாறாமல் இருக்கும், கண்ணுக்கு மட்டும் ஊதா தெரியும். நீலப் பகுதியில் லேப் முறைக்கு இருக்கும் பழைய குறை இது. அதனால் நீலத்துக்கு மட்டும் மென்பொருள் தரும் எண்ணை அப்படியே ஏற்காதீர்கள். சயன் 100 வைத்து மெஜந்தாவை 70-க்குக் கீழே இறக்கிப் பாருங்கள்.

ஒரு நிறம் எட்டவில்லை என்றால் நான் பிடித்துக்கொள்வது சாயலைத்தான். பளிச்சைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் மன்னித்துவிடுவார்கள். நீலம் ஊதாவானால் "இது நம் கொடியே இல்லை" என்பார்கள். சின்னங்களுக்கும் இதே நியாயம்தான்.

தனி மையாகவே அடிக்கலாம் என்று முடிவு செய்தால் இன்னொரு விஷயம்: ரிஃப்ளெக்ஸ் புளூ மெதுவாகத்தான் காயும், உரசினால் ஒட்டும். விழாவுக்கு முந்தின நாள் வேலையைக் கொடுக்காதீர்கள்.

லெனேசியாவிலிருந்து: ஒரே பேன்டோன் எண்ணுக்கு ஒவ்வொரு மென்பொருளும் வேறு வேறு நாலு கலர் எண் தருகிறதே, எது சரி?

எந்தத் தாள், எந்த மெஷின் என்று சொல்லாதவரை எதுவும் சரியில்லை. மென்பொருளில் இருந்த பழைய பேன்டோன் நூலகங்களில் (நிறப் பட்டியல்களில்) ஒவ்வொரு பேன்டோனுக்கும் நிலையான நாலு கலர் எண்ணை எழுதி வைத்திருந்தார்கள். பிறகு வந்தவற்றில் லேப் மதிப்பு மட்டும் இருக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த ஐ.சி.சி. ப்ரொஃபைலை, அதாவது அந்தத் தாளிலும் மெஷினிலும் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் ஃபைலை, வைத்து மென்பொருள் அப்போதைக்குக் கணக்குப் போடும். ப்ரொஃபைல் மாறினால் எண்ணும் மாறும்.

ஆகவே முதலில் அச்சகத்திடம் எந்த ப்ரொஃபைல் என்று கேளுங்கள். ஐரோப்பியத் தரத்தைப் பின்பற்றும் இடமாக இருந்தால், ஆர்ட் பேப்பருக்கு ஃபோக்ரா 39 அல்லது 51 என்று சொல்வார்கள். அடுத்து, மாற்றத்தை ஒரே இடத்தில் ஒரே முறை செய்யுங்கள். லோகோவை இல்லஸ்ட்ரேட்டரில் ஒரு தடவை, பக்கத்தை இன்டிசைனில் ஒரு தடவை, பிடிஎஃப் ஆனபின் அச்சகத்தில் இன்னொரு தடவை என்று மாற்றினால் ஒரே பக்கத்தில் மூன்று சிவப்பு வரும். நான் ஸ்பாட் கலரை ஸ்பாட்டாகவே கடைசி வரை வைத்திருந்து, பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபேட்டின் இங்க் மேனேஜரில் மாற்றுவேன். எட்டாத நிறத்தை எப்படி மாற்றுவது என்று சொல்லும் ரெண்டரிங் இன்டென்ட்டில் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் வைப்பேன், கூடவே கறுப்பின் ஆழத்தைப் பொருத்தும் பிளாக் பாயின்ட் காம்பென்சேஷன். பெர்செப்சுவல் போட்டால் எட்டாத நிறத்துக்காக எட்டும் நிறங்களும் சேர்ந்து சுருங்கும்.

அப்புறம், 2022 நவம்பரில் அடோபி பெரும்பாலான பேன்டோன் நூலகங்களை எடுத்துவிட்டது. பழைய ஃபோட்டோஷாப் ஃபைலைத் திறக்கும்போது ஸ்பாட் நிறம் கறுப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இனி புது ஃபைல் செய்யும்போதே நிறத்தின் லேப் மதிப்பைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

வெருலத்திலிருந்து ஒரு அக்கா: குத்துவிளக்குக்குத் தங்க நிறம் 871 நாலு கலரில் வருமா?

வராது அக்கா. 871 மையில் உலோகத் தூள் இருக்கிறது. நாலு கலரில் கிடைப்பது கடுகு மஞ்சள்தான். காசு இருந்தால் ஃபாயில் அடியுங்கள்.

டொங்காட்டிலிருந்து: ஆடிக் கூழ் பூசை நோட்டீஸில் சின்ன எழுத்து அரக்கு நிறத்தில். எழுத்தைச் சுற்றி நிழல் மாதிரி தெரிகிறது.

தனி மையாக இருந்தபோது ஒரே பிளேட் (ஒரு மைக்கு ஒரு அச்சுத் தகடு). மாற்றியதும் அதே எழுத்து மூன்று, நான்கு பிளேட்டில் போய் உட்கார்கிறது. டர்பன் ஈரக்காற்றில் தாள் கொஞ்சம் நீண்டாலே பிளேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாது. நம் எழுத்துக்கு இது இரட்டைக் கஷ்டம்: புள்ளியும் சுழியும் முதலில் அடைபடும். 'க்' என்பது 'க' ஆகிவிட்டால் சொல்லே மாறிவிடும். சின்ன எழுத்தைக் கறுப்பில் வையுங்கள். அரக்கு வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், மெஜந்தாவை 100-ஆக வைத்து மற்றதைக் குறையுங்கள். ஒரு மையாவது முழுதாக விழுந்தால் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். அடர் பின்னணியில் வெள்ளைத் தமிழ் எழுத்து விடுவதானால் தடித்த எழுத்துருவை எடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து: ஸ்பாட்டை மாற்றிய பிறகு நிழலைச் சுற்றி வெள்ளைக் கட்டம்.

ஸ்பாட்மேல் வைத்த நிழல், ட்ரான்ஸ்பரன்சி (பின்னால் இருப்பது தெரியும்படி வைப்பது), ஓவர்பிரின்ட் (ஒரு மைமேல் இன்னொரு மையை அடிப்பது) மூன்றும் மாற்றத்தின்போது நடத்தையை மாற்றிக்கொள்ளும். மாற்றியபின் அக்ரோபேட்டின் அவுட்புட் ப்ரிவ்யூவில் ஓவர்பிரின்ட் காட்டும்படி வைத்து ஒவ்வொரு பிளேட்டாகப் பாருங்கள். பழைய பிடிஎஃப் 1.3-இல் சேமிக்காதீர்கள், 1.4 அல்லது அதற்கு மேல் இருந்தால் ட்ரான்ஸ்பரன்சி உடையாமல் போகும்.

மறுபடியும் சாட்ஸ்வொர்த்: ப்ரூஃபை எப்படிச் சரிபார்ப்பது? எப்போது ஐந்தாவது மைக்குக் காசு கொடுக்கலாம்?

முதலில் வெளிச்சம். கடை டியூப் லைட்டில் பொருந்திய இரண்டு நிறம் வெயிலில் பிரிந்து போகும். 5000 கெல்வின் விளக்கு இருக்கும் இடத்தில் பாருங்கள். இல்லாவிட்டால் பகலில் ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாமல் பாருங்கள். பேன்டோனின் நிற மாதிரி விசிறியும் பழசாகும். 12 முதல் 18 மாதத்துக்குள் மாற்றச் சொல்கிறார்கள். ஆர்ட் பேப்பருக்கு 'சி' விசிறி, பாண்ட் பேப்பருக்கு 'யு' விசிறி. மை ஒன்றுதான், ஆனால் பாண்டில் உள்ளே இறங்கி மங்கும். அளவுமானி இருக்கும் அச்சகம் என்றால் டெல்டா ஈ, அதாவது இரண்டு நிறங்களின் வித்தியாச அளவு, எவ்வளவு என்று கேளுங்கள். 2-க்குக் கீழே வந்தால் பெரும்பாலான கண்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆரஞ்சு 021-க்கு அந்த எண்ணை எதிர்பார்த்துச் சண்டை போடாதீர்கள்.

ஐந்தாவது மைக்குத் தனி பிளேட், மெஷினைக் கழுவும் நேரம் என்று செலவு கூடும். நூறு பிரதி நோட்டீஸுக்கு அது தேவையில்லை. வருஷம் முழுக்க ஓடும் மசாலா பாக்கெட், கோயில் லெட்டர்ஹெட் என்றால் கொடுங்கள். லெட்டர்ஹெட்டைத் தனி மை, கறுப்பு என இரண்டே மையில் அடித்தால் நாலு கலரைவிட மலிவாகக்கூட முடியும். விலை கேட்கும்போது இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.