பக்கத்துத் தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கலாமா, பெரிய ஷோரூமுக்குப் போகலாமா? உங்கள் அனுபவம் என்ன?

எனக்கு மன்னார்குடி. இரண்டு இடத்திலும் வாங்கியிருக்கிறேன். என்னைக் கேட்டால், மின்சாரத்தில் ஓடும் பொருளைத் தெருமுனைக் கடையில் வாங்குவதே நல்லது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் தெருமுனைக் கடைக்கு இரண்டு ஷட்டர் அகலம்தான். முன்னால் மிக்ஸி, ஃபேன், டிவி. பின்னால் ஒரு மேசை, அதில் சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், கழற்றிப் போட்ட மோட்டார்கள். ஒருநாள் அம்மா இட்லிப் பொடி அரைக்கும்போது மிக்ஸி பட்டென்று நின்றுவிட்டது. மோட்டார் போய்விட்டது என்றே நினைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் ஸ்குரூ டிரைவரைக்கூடத் தொடவில்லை. மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் இருந்த சின்னச் சிவப்பு பட்டனை அமுக்கினார். ஓடியது. "லோடு அதிகமானா சூடாகி தானா கட் ஆயிடும் தம்பி. மோட்டாரக் காப்பாத்தத்தான் இத வச்சிருக்கான். கொஞ்ச நேரம் ஆறவிட்டு அமுக்குங்க, போதும்" என்றார். காசு வாங்கவில்லை. அன்று ஐந்நூறு ரூபாய் கேட்டிருந்தாலும் கொடுத்துவிட்டு வந்திருப்பேன், அது அவருக்கும் தெரியும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்த பிறகு எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, சுற்றுக் கிராமங்களில் வாரக்கணக்கில் இல்லை. இவர் கடையில் ஜெனரேட்டர் போட்டு, யார் கொண்டுவந்தாலும் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். எமர்ஜென்சி விளக்கை அட்டைப்பெட்டியில் போட்டிருந்த விலைக்கு மேல் ஒரு ரூபாய் கூட்டி விற்கவில்லை.

இவ்வளவு தெரிந்தும் 2021-இல் ஃப்ரிட்ஜை வேறு ஊரில் ஒரு பெரிய ஷோரூமில் வாங்கினேன். இரண்டாயிரம் ரூபாய் குறைவு, தவணை வசதி வேறு. ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று கேட்டதற்கு, "இந்த மாடலுக்குத் தேவையே இல்ல சார்" என்றார் விற்பனையாளர். மூன்றாவது மாதம், குறுவை நடவு நேரம், ஃப்ரிட்ஜ் குளிர்வது நின்றுவிட்டது. ஷோரூமுக்குப் போன் செய்தால் மூன்று முறையும் "கம்பெனியில பேசிக்குங்க" என்ற ஒரே பதில். பதினோரு நாள் கழித்து வந்த சர்வீஸ் ஆள், லோ வோல்டேஜில் கம்ப்ரசர் எரிந்துவிட்டது, வாரண்டியில் வராது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நம் அண்ணன், தான் விற்காத அந்த ஃப்ரிட்ஜுக்காக வீட்டுக்கு வந்தார். ஏழு மணிக்கு பிளக் பாயின்ட்டில் மல்டிமீட்டரை வைத்தார். 230 காட்ட வேண்டிய இடத்தில் 165. மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை போர் மோட்டாரை நம்பித்தான் நடவு. பம்புசெட் எல்லாம் ஒன்றாக ஓடும்போது எங்கள் லைனில் வோல்டேஜ் இறங்கிவிடும். அப்போது கம்ப்ரசர் மோட்டார் சுழலத் தொடங்க முடியாமல் திணறும், கரண்டை அதிகமாக இழுக்கும், காயில் சூடேறிக் கருகும். தன்னிடம் ஃப்ரிட்ஜ் வாங்குகிறவர்களிடம் எந்தத் தெரு, எந்த டிரான்ஸ்பார்மர் என்று கேட்டுக்கொண்டுதான் இவர் மாடலையே காட்டுவார். இந்த விவரம் ஷோரூமில் யாரிடமும் கிடைக்காது.

ஃப்ரிட்ஜோடு வந்த விளம்பரத் தாளிலும் ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று அச்சடித்திருந்தது. அதையும் பில்லையும் போட்டோ எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் (இப்போது 1915) புகார் பதிந்தேன். மூன்று வாரத்தில் கம்ப்ரசரை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். அப்படியும் மாற்றாவிட்டால் திருவாரூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. கம்பெனியோடு விற்ற கடையையும் சேர்த்தே போடலாம்.

இதற்கெல்லாம் பில் வேண்டும். நம் அண்ணனிடம் எனக்கு இருக்கும் ஒரே குறை அதுதான். தெரிந்தவர்கள்தானே என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார். கேட்டால் உடனே பில் போட்டுத் தருவார், ஆனால் நாம் கேட்க வேண்டும். வாரண்டி கார்டில் தேதியும் கடை முத்திரையும் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். மாடல்களும் அவரிடம் குறைவுதான், நான்கைந்துக்கு மேல் இருக்காது. பெரிய டிவி வாங்க வேண்டுமென்றால் நானே வெளியில்தான் பார்ப்பேன்.

போன மாதம் மிக்ஸி சுற்றாமல் வெறுமனே இரைந்தது. மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரின் பல் தேய்ந்திருந்தது, அண்ணன் மாற்றிக் கொடுத்தார். "இதப் பாருங்கக்கா, இங்கதான் மழுங்கியிருக்கு" என்று பழையதை அம்மாவின் உள்ளங்கையில் வைத்துக் காட்டி, தாளில் மடித்து அதையும் கையோடு கொடுத்தனுப்பினார்.