கிச்சனர்–வாட்டர்லூ பழைய ஆவணங்கள்: கேட்டவையும் பதில்களும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கும் இந்த ஊரின் காப்பகங்களில் கனகாலம் புழங்கியவன் என்று கேள்விகளை என் தலையில் கட்டிவிட்டார்கள். கேளுங்கோ.

அண்ணா, பல்கலைக்கழகக் காப்பகத்தில் ஊர்ச் சரித்திரத்துக்கு என்ன வேலை?

வாட்டர்லூப் பல்கலைக்கழகம் 1957இல் வந்தது. ஊர் அதைவிட எவ்வளவோ பழசு. தோல் பதனிடும் ஆலை நடத்திய பிரைட்ஹாப்ட் குடும்பத்தின் நாட்குறிப்புகள், கடிதங்கள், இறைச்சி வியாபாரத்தில் பேர்போன ஷ்னைடர் குடும்பத்தின் தாள்கள் எல்லாம் அங்கேதான். எனக்குப் பிடித்தது 'ரெக்கார்ட்' பத்திரிகையின் நெகட்டிவ்கள். 1938 முதல் 2001 வரை, கிட்டத்தட்ட 20 இலட்சம். பத்திரிகையில் ஒரு படம்தான் வரும். சுருளில் மிச்சப் படங்களும் இருக்கும். மேயரை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் தெரியும் கடைப் பலகையைப் பாருங்கோ. இடித்துப்போன தெருவைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மனைவியின் பாட்டனார் 1912இல் இங்கே பிறந்தவர். பிறப்புப் பதிவு?

இங்கே இல்லை. ரொறன்ரோவில், யோர்க் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ஒன்ராறியோ மாகாணக் காப்பகத்தில் கேளுங்கோ. 1931 சனத்தொகைக் கணக்கையும் 2023இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள், அதிலும் தேடலாம்.

பழைய குடும்பப் படங்களை லாமினேட் பண்ணலாமா?

கூடாது. சூட்டில் ஒட்டினால் பிறகு பிரிக்க ஏலாது. செலோடேப்பும் கூடாது.

கிச்சனரின் பழைய பெயர் பெர்லின். சனம் விரும்பித்தானே மாற்றினது?

1916 மே மாத வாக்கெடுப்பில் மாற்றச் சொன்னவர்கள் 1,569 பேர், வேண்டாம் என்றவர்கள் 1,488 பேர். 81 வாக்கு வித்தியாசம். விருப்பம் என்று அடித்துச் சொல்ல இது காணுமா?

படையாட்கள் மிரட்டி வாங்கின வாக்கு அது. மேலே கேட்டவர் கதை விடுகிறார்.

ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. மிரட்டல் இருந்தது உண்மை. விக்டோரியா பூங்காவில் 1897இல் வைத்த ஜெர்மன் பேரரசர் முதலாம் கைசர் வில்ஹெல்மின் சிலையை, ஜெர்மனியோடு முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில், பூங்கா ஏரிக்குள் தள்ளினார்கள். மீட்டு, ஜெர்மானியரின் கொன்கோர்டியா சங்கத்தில் வைத்தார்கள். 1916 பெப்ரவரியில் கனடியப் படையின் 118ஆம் பிரிவினர் அங்கே புகுந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஆனால் 1,569 பேரும் பயந்துதான் போட்டார்கள் என்றால் அதுவும் கதைதான். ஜெர்மன் பெயரால் வியாபாரம் படுத்துவிடும் என்று கணக்குப் பார்த்தவர்களும் இருந்தார்கள். எனக்குச் சுவையானது அடுத்த வாக்கெடுப்பு. புதுப் பெயரைத் தெரிவு செய்ய ஜூனில் வந்தவர்கள் 892 பேர்தான், கிச்சனருக்கு 346. அந்த மாதம்தான் பிரிட்டிஷ் போர் அமைச்சர் லார்ட் கிச்சனர் கப்பலோடு மூழ்கிச் செத்திருந்தார். மற்ற ஆட்களுக்கு அலுத்துப்போயிருக்கும்.

சிலையை உருக்கி நாப்கின் வளையம் செய்தார்களாமே?

அப்படித்தான் பேச்சு. சிலையைப் பிறகு யாரும் கண்டதில்லை.

என் பேராசிரியரின் மாணவகாலப் புள்ளிகளைப் பார்க்கலாமா?

முடியாது. தனியுரிமைச் சட்டம். அவரையே கேளுங்கோ.

கிழிந்த கடிதத்தை டேப் போட்டு, பிறகு லாமினேட் பண்ணினால்?

ஐயோ! மேலே பாருங்கோ.

1940களின் ஊர்ப் படத்தை விழா மலரில் போடலாமா?

1949க்கு முன் எடுத்த படம் என்றால் கனடாவில் பதிப்புரிமை முடிந்துவிட்டது. எங்கே இருக்கிற படம் என்று கீழே போடுங்கோ, அது மரியாதை.

பெட்டியில் பழைய நெகட்டிவ்கள் வினாகிரி மணக்குது.

அசிடேட் பிலிம் அழுகத் தொடங்கிவிட்டது. மற்றவற்றோடு வைக்காதீங்கோ, அதுகளும் பழுதாகும். குளிர்ந்த இடத்தில் வைத்து, சீக்கிரம் ஸ்கேன் பண்ணுங்கோ.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பழைய கோப்புகளை யாரும் வாங்குவார்களா?

கேட்டுப் பார்க்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ரொறன்ரோப் பல்கலைக்கழக ஸ்காபரோ வளாகத்தில் ஈழத் தமிழ்த் தலைவர் தந்தை செல்வநாயகத்தின் ஆவணங்களே இருக்கின்றன. ஒன்று மட்டும்: திகதிவாரியாக அடுக்காதீங்கோ. செயலாளர் எந்தக் கோப்பில் எதைப் போட்டாரோ அப்படியே கொடுங்கோ. கூட்டக் குறிப்புக்குப் பக்கத்தில் கிடக்கும் மண்டப வாடகை ரசீதைப் பிரித்தால், எந்தக் கூட்டத்துக்கு எடுத்த மண்டபம் என்று பிறகு ஒருவருக்கும் தெரியாது. படங்களின் பின்னால் ஆட்களின் பேரை மென்மையான பென்சிலால் எழுதுங்கோ.

ஸ்டேப்பிள்களைக் கழற்றிவிட்டுக் கொடுக்கட்டா?

வேண்டாம். அது அவர்களின் வேலை.