சிகரெட்டே செலாவணி!

கேள்வி: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலர், "சிகரெட் கொடுத்து கேமரா வாங்கினேன்" என்கிறார்களே. கையில் பணம் இல்லையா?

பதில்: பணம் இருந்தது, மதிப்புதான் இல்லை. அன்றைய ஜெர்மன் பணமான ரைஷ்மார்க் நோட்டு கட்டுக்கட்டாகப் புழங்கினாலும், ரேஷன் அட்டை இல்லாமல் கடையில் அதற்கு ஒன்றும் பெயராது. ஜெர்மனியில் பிரிட்டன் நிர்வகித்த பகுதியான பிரிட்டிஷ் மண்டலத்தில் 1946 மார்ச்சில் ரேஷன் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 கலோரியாக இறங்கியது. அது அரை வயிற்றுக்குத்தான் காணும், மீதிக்குக் கள்ளச்சந்தை. அங்கே சிகரெட் செல்லும். சில்லறையாகப் பிரிக்கலாம், பாக்கெட்டாக எண்ணலாம், சீக்கிரம் கெடாது. சிப்பாய் வீசிய துண்டைக்கூடப் பொறுக்கி, தூளை உதிர்த்துப் புதிதாகச் சுருட்டினார்கள்.

ராணுவம் சறுக்கியது மாற்று விகிதத்தில். 1 பவுண்டுக்கு 40 மார்க் என்று வைத்து, சிப்பாய் நீட்டிய மார்க்கை சிப்பாய்களுக்கான 'நாஃபி' கேண்டீனிலும் ராணுவ அஞ்சலகத்திலும் வாங்கிக்கொண்டார்கள். கள்ளச்சந்தையில் ஒரு சிகரெட் 5 மார்க் என்று வையுங்கள். 50 சிகரெட் தகர டப்பா 250 மார்க், அதாவது 6 பவுண்டு 5 ஷில்லிங். புதுச் சிப்பாய்க்கு அது ஒரு மாதச் சம்பளம்! அஞ்சலாணை எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. நஷ்டம் பிரிட்டிஷ் கஜானாவுக்கு.

விழித்துக்கொண்டு, 1946 ஆகஸ்ட் 1 முதல் ராணுவத்துக்கென்றே தனி வவுச்சர் நோட்டு கொண்டுவந்தார்கள்: 3 பென்ஸில் தொடங்கி 1 பவுண்டு வரை. சிப்பாய்கள் வைத்த பெயர் 'பாஃப்'. கேண்டீனில் அது மட்டுமே செல்லும். கஜானா ஓட்டை அடைபட்டது. சிகரெட்டின் மவுசு குறையவில்லை, பண்டமாற்று நடந்தபடியே இருந்தது. அதை முடித்துவைத்தது 1948 ஜூன் 20-இல் வந்த புது நாணயமான டாய்ச்மார்க். முதல் தவணையாக ஆளுக்கு 40 கொடுத்தார்கள். மறுநாளே, அதுவரை எங்கே இருந்ததோ, சரக்கெல்லாம் கடைக் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்தது.

கேள்வி: சிப்பாய்கள் ஜெர்மானியரோடு பேசவே தடையாமே, பிறகு எப்படி வியாபாரம்?

பதில்: தடை இருந்தது, நிலைக்கவில்லை. 1945 ஜூனில் குழந்தைகளோடு பேசலாம் என்றார்கள். ஜூலையில் தெருவில் யாரோடும் பேசலாம் என்றார்கள். செப்டம்பருக்குப் பின் மிஞ்சியவை முக்கியமாக இரண்டு: ஜெர்மானியர் வீட்டில் குடியிருக்கக் கூடாது, கல்யாணம் செய்யக் கூடாது.

கேள்வி: போர் முடிந்தும் இளைஞர்களை ஏன் உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை?

பதில்: 1945 ஜூன் 18-இல் தொடங்கிய விடுவிப்பு, வயதும் பணிக்காலமும் சேர்ந்த கணக்கு; கூட்டுத்தொகை அதிகமானவர் முதலில் வீட்டுக்குப் போவார். 2 மாதப் பணி 1 வயதுக்குச் சமம். 22 வயது, 4 ஆண்டுப் பணி என்றால் 22 + 24 = 46. ஓராண்டே பணி செய்த 41 வயதுக்காரர் 41 + 6 = 47; அவர் முந்திவிடுவார். கடைசியில் சேர்ந்த 18 வயதுப் பையனுக்கு வயதும் கைகொடுக்காது, பணிக்காலமும் கைகொடுக்காது. முகாமைக் காவல் காக்க மிஞ்சியது அவன்தான்.